எட்டணாவுக்குச் செய்த சர்க்கரை சோதனை

யுத்தம் முடிந்த வருஷம் அது. எங்கள் ஊர் தருமபுரிக்குப் பக்கத்தில், வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு உள்ளங்காலில் முள் குத்திவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு ஏர் ஓட்டப் போய்விட்டார். புண் மட்டும் ஆறவே இல்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துப் பார்த்தோம். ஒரு மாதமாகியும் அப்படியே இருந்தது, ஆளும் இளைத்துவிட்டார். அதனால் வண்டி கட்டிக்கொண்டு தருமபுரியில் ஒரு டாக்டரிடம் போனோம்.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். முள் முழுதாக வந்ததா என்று கேட்டார். வந்துவிட்டது என்றார் இவர். தண்ணீர் தாகம் அதிகமா என்று கேட்டார். வெயிலில் ஏர் ஓட்டுகிறவருக்குத் தாகம் இருக்காதா? ஆமாம் என்றோம்.

"சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாம். நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் போற மூத்திரத்த ஒரு பாட்டில்ல புடிச்சுக் கொண்டாங்க" என்றார் டாக்டர்.

கூலி எட்டணா என்று கம்பவுண்டர் சொன்னார். ரத்தத்திலேயே பார்க்க வேண்டுமானால் சேலம் போக வேண்டும், ஐந்து ரூபாய்க்குக் குறையாது என்றும் சொன்னார். எட்டணா என்பது அன்றைக்கு எனக்கு இரண்டு நாள் களை எடுக்கிற கூலி.

வீட்டில் கண்ணாடி பாட்டில் இரண்டுதான் இருந்தன. ஒன்று மண்ணெண்ணெய் பாட்டில். இன்னொன்று, மலைக்காரர்களிடம் உப்பும் மிளகாயும் கொடுத்து வாங்கிய தேன் வைத்திருந்த பாட்டில். மண்ணெண்ணெய் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போகச் சொன்னார் என் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை. டவுன் டாக்டர் முன்னால் நாறுகிற பாட்டிலை நீட்டுவதா? சுத்தமானவள் என்று ஊரில் எனக்குப் பேர் உண்டு. அடியில் கிடந்த தேனைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசினேன். பக்கத்து வீட்டு வண்டி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. இவர் பிடித்துக் கொடுத்ததும் பாட்டிலின் வாயைத் துணியால் அடைத்து எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

தருமபுரி போய்ச் சேருவதற்குள் அந்தத் துணியைச் சுற்றி எறும்பு.

"சோதனையே வேண்டாம் போலிருக்கே, எறும்பே சொல்லிடுச்சு" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, நான் கொண்டுபோனதில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினார். என் கண் முன்னாலேயே நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சர்க்கரை நிறைய இருக்கிறது, தினம் ஊசி போட வேண்டும், மருந்தை சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும், களியும் சோறும் கூடாது என்றார். எட்டணாவை வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்.

"ஊசிக்குக் காசு? மாட்டக் குடுத்துட வேண்டியதுதான் புள்ள" என்றார் இவர். எங்களிடம் இருந்தது ஒரே ஜோடி. அது போய்விட்டால் உழுவது எப்படி? அடுத்த சந்தைக்குள் வந்து ஓட்டிக்கொண்டு போவதாக ஒருவர் விலை பேசிவிட்டுப் போனார். கீரையும் மோருமாகக் கொடுத்து, இவரை நானே பட்டினி போட்டேன்.

நாலாம் நாள் மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். "சக்கர நோவுன்னா போற எடத்துல எறும்பு மொய்க்கும்பாங்க. எம்மவன் போற வேலி ஓரத்துல ஒரு எறும்பக் காணோம். உன்ற பாட்டில்ல மட்டும் எப்புடி வந்துச்சு?"

"நான் கழுவலைங்கறீங்களா அத்தே?"

"கழுவுனியான்னு நான் கேக்கவே இல்லியே."

கோபமாக எழுந்து போய், மாட்டுக் கொட்டகையில் செருகியிருந்த பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, வளைவில், மெழுகும் தேனும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தன.

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லி, கடைசியில் நோயும் நிஜமாக இருந்துவிட்டால்? மறுநாள் காலையில் இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும், "வண்டியக் கட்டுங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

டாக்டரிடம் நானே சொன்னேன். "அன்னிக்குக் கொண்டாந்தது தேன் பாட்டிலுங்க. நான் சரியாக் கழுவலைங்க."

"நல்லவேள, பாயசப் பாத்திரத்துல கொண்டாரலையே" என்று கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. வெந்நீரில் கழுவிய பாட்டில் ஒன்றை இவரிடம் கொடுத்துக் கொல்லைப் பக்கம் அனுப்பினார். மறுபடியும் நீல மருந்து, மறுபடியும் விளக்கு. கொதி வந்து அடங்கியது. நீலம் நீலமாகவே இருந்தது. சர்க்கரை இல்லை என்றார் டாக்டர்.

பிறகு டாக்டர் புண்ணைக் கீறினார். அரை நகம் நீளத்துக்கு முள்நுனி ஒன்று வெளியே வந்தது.

நான் எட்டணாவை மேசையில் வைத்தேன். டாக்டர் தள்ளிவிட்டார். "எதுல கொண்டாந்தீங்கன்னு நானும் கேட்டிருக்கணும். இதுக்குக் காசு வேண்டாம்."

"அன்னிக்கு நீங்க தேனுக்கு சோதன பண்ணீங்க, இன்னிக்குத்தான் இவருக்குப் பண்ணீங்க. ரெண்டும் வேலதானுங்களே, வாங்கிக்குங்க" என்றேன்.

"வாங்கிக்கய்யா, இந்தம்மா நம்மகிட்ட கடன் வெக்க மாட்டாங்க" என்றார் அவர் கம்பவுண்டரிடம். இப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பும்போது இவர், "ஒரு ரூவாய்க்கு ரெண்டு கலரு பாத்துட்ட" என்றார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உருண்டைக் களி சாப்பிட்டார். மாமியார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு உருண்டையை மகன் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எனக்கே சர்க்கரை இருக்கிறது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற காசு அதிகம் என்று உடன் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள், நான் பேசாமல் கொடுத்துவிடுவேன். காசு கொடுப்பது எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவதில்லை. தப்பு என்னுடையது என்று வாய் திறந்து சொல்வதுதான் கஷ்டம், அதை அன்றைக்கு ஒரு நாள் தாமதமாகவாவது சொன்னேனே என்ற நிம்மதி இந்த வயதிலும் என்னோடு இருக்கிறது.