ராஜகோபாலனுக்குக் கீழே ஒரு கோடு

ஆராய்ச்சிக்கூடத்தில் வேதாந்தத்துக்குக் கழுகுக் கண் என்று பெயர். அடையாற்றங்கரையில் ஒரு பழைய பங்களாவில் நடந்துவந்த அந்தக் கூடத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆங்கிலத்தில் ஒரு கிருமி ஆராய்ச்சி இதழ் வெளிவரும். டாக்டர்கள் கிறுக்கிக் கொடுப்பதை டைப் அடிப்பதும், அச்சகத்திலிருந்து வரும் ப்ரூஃபைத் திருத்துவதும் அவர் வேலை. காலராவைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் காலரா என்று அச்சான இடத்தில் ஓர் எழுத்து புரண்டிருந்தால் அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பதினாறு வருஷத்தில் தன் கையைத் தாண்டி ஒரு பிழை போனதில்லை என்று தானும் நம்பினார், மற்றவர்களையும் நம்பவைத்தார். கொஞ்சம் தலைக்கனம்தான். வேறு எதற்கும் தலைக்கனம் கொள்ள வழியில்லாத மனிதர், போகட்டும்.

1937 தொடக்கத்தில் காலராப் பிரிவுக்கு ஒரு தலைவரைப் போட வேண்டியிருந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் ராஜகோபாலன், மயிலாப்பூரில் வேதாந்தம் குடியிருந்த அதே மாட வீதிக்காரர். இன்னொருவர் டாக்டர் குலாம் ரசூல், கச்சேரி ரோடு மசூதியை அடுத்த சந்தில் இருந்தவர். ஒரே வயது, ஒரே படிப்பு. யாரைப் போட்டாலும் இன்னொருவர் பக்கத்து ஆட்கள் முணுமுணுப்பார்களே என்று டைரக்டர் துரை பயந்தார். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு எந்தப் பத்திரிகைகளை வாங்குவது என்று தீர்மானிக்க, கட்டுரைகளின் கடைசியில் எந்தெந்தப் பத்திரிகையை எத்தனை தடவை ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களாம். அதை அவர் எங்கோ படித்திருந்தார். பத்திரிகைக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பத்து வருஷ இதழ்களையும் எண்ணி, யார் கட்டுரையை எத்தனை பேர் ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும்படி வேதாந்தத்திடம் வேலையை ஒப்படைத்தார். எண்ணிக்கை அதிகம் உள்ளவருக்குத்தான் பதவி.

வேதாந்தம் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு குஷியாக உட்கார்ந்தார். 1927-ல் வருஷத்துக்குப் பதினெட்டுக் கட்டுரைகள், 1936-ல் நாற்பத்தொன்று. பிளேக் குறைந்துகொண்டே வந்தது, காலரா ஏறிக்கொண்டே போனது. முன்பெல்லாம் நாலைந்து ஆதாரம் காட்டியவர்கள் இப்போது இருபது காட்டினார்கள். எவ்வளவு படிக்கிறார்கள் பார் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

மூன்றாம் நாள் அந்த ஆச்சரியம் போயிற்று. கிணற்று நீரில் காலராக் கிருமி எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்ற கட்டுரைக்காக, ராஜகோபாலன் பேரில் ஒன்பதாவது கோடு கிழிக்கும்போது கை நின்றது. அந்தக் கட்டுரையை டைப் அடித்தவர் வேதாந்தம்தான். சைதாப்பேட்டைக் கிணறுகளில் ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் எடுத்து வந்து அதை எழுதியவர் குலாம் ரசூல். 1927 இதழைப் பிரித்தார். ரசூல் பெயர்தான் இருந்தது. பிறகு எங்கே பெயர் மாறியது? ஒவ்வோர் இதழாகத் தேடிக்கொண்டு போய், 1928 மார்ச் இதழில் முட்டிக்கொண்டார்.

ஆதாரப் பட்டியலில் ஆங்கில அகரவரிசைப்படி பெயர்கள் வரும். ஒரே ஆளின் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாம் தடவை பெயருக்குப் பதில் ஒரு நீளக் கோடு போடுவார்கள். மேற்படியார் என்று அர்த்தம். அந்த மார்ச் இதழில் கல்கத்தா டாக்டர் ஒருவரின் பட்டியலில், முதலில் ராஜகோபாலன், அடுத்து ரசூலின் சின்னக் கட்டுரை ஒன்று, அதன் கீழே கோடு போட்டு அவருடைய கிணற்றுக் கட்டுரை. பக்கத்தில் ஒரு வரி மிஞ்சுகிறது, எதையாவது எடுங்கள் என்று அச்சகத்தார் கேட்டார்கள். அந்தச் சின்னக் கட்டுரை உப்புப் பெறாது என்று வேதாந்தம் அதை அடித்தார். கீழே இருந்த கோடு மேலேறி ராஜகோபாலனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் அவருடைய இனிஷியலோடு அந்த ப்ரூஃப் இன்னும் பழைய தாள் கட்டுக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுக் கட்டுரையை ஆதாரம் காட்டி எழுதிய எட்டுப் பேரும் டாக்டர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து அப்படியே இறக்கியிருந்தார்களே தவிர, ஒரு மகானுபாவராவது மூலக் கட்டுரையைப் பிரித்துப் பார்க்கவில்லை. ராஜகோபாலன் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காமல் இருந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அச்சில் இருந்தபடி எண்ணினால் ராஜகோபாலனுக்குப் பதினேழு, ரசூலுக்கு ஆறு. நியாயமாக எண்ணினால் ராஜகோபாலனுக்கு எட்டு, ரசூலுக்குப் பதினைந்து. இரண்டு தாளையும் மேஜையில் வைத்துக்கொண்டு வேதாந்தம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தாளைக் கொடுத்தால் அந்த இனிஷியலையும் காட்ட வேண்டும். கழுகுக் கண் என்று கூப்பிட்டவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்தபோது காது சுட்டது. அச்சில் இருப்பதைத்தானே எண்ணச் சொன்னார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு முதல் தாளைக் கொடுத்தார். துரை கைகுலுக்கினார். ராஜகோபாலன் தலைவரானார். ரசூல் குண்டூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று மறு வாரம் செய்தி வந்தது.

அன்றிலிருந்து வேதாந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சூடாமணி துருவித் துருவிக் கேட்டதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இதை ஏன் நேக்குச் சொல்லிண்டிருக்கேள்?" என்றாள் அவள். "யாருக்குப் பண்ணினேளோ அவாகிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சேரி ரோடு சந்துக்குப் போனார். ரசூல் வீட்டுக் கூடத்தில் புத்தகங்கள் பாதி பெட்டிக்குள்ளும் பாதி வெளியிலும் கிடந்தன. ரசூல் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். இவர் தங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பாரோ மாட்டாரோ என்று ரசூலின் மனைவி அமீனா பீ தெருவில் போன இளநீர்க்காரனைக் கூப்பிட்டு, ஒன்றைச் சீவி அப்படியே கொடுத்தனுப்பினாள். வேதாந்தத்துக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இளநீரைக் கையில் வைத்தபடியே, கோடு மேலேறிய கதையை முழுவதும் சொன்னார்.

"தெரியும்," என்றார் ரசூல். "அந்த இதழ் வந்த அன்னைக்கே பாத்தேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லப்படாதா, டாக்டர்?"

"பேருக்கு அலையறான்னு சொல்வாங்க. அதான் வுட்டுட்டேன்." ஒரு புத்தகத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நீங்க வேணும்னே எடுத்தீங்கன்னு நெனச்சேன். ராஜகோபாலன் உங்க தெரு ஆளாச்சே. ஒம்போது வருஷமா அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

வேதாந்தம் பதறிப்போனார். "பெருமாள் மேல சத்தியமாச் சொல்றேன், டாக்டர், வேணும்னு பண்ணலை. ஒரு வரி எடுக்கணும்னு அச்சகத்திலே சொன்னா, எடுத்தேன். கீழே என்ன இருக்குன்னு பார்க்கலை, அவ்வளவுதான்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அடுத்த இதழ்ல திருத்தம் போடறேன். என் பேரைப் போட்டே எழுதியிருக்கேன், பாருங்கோ."

ரசூல் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் வேதாந்தத்துக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியாம செஞ்சதுன்னு சொல்றீங்க. நம்பறேன்," என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன மாசம் துரைகிட்ட எண்ணிக் குடுத்தீங்களே, அப்போ தெரியுமா?"

வேதாந்தம் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்," என்றார்.

"அப்போ நான் நெனச்சது சரிதான்," என்றார் ரசூல். "வருஷந்தான் தப்பு."