நெத்திலியில் எழுந்த நகரம்

முதுகலை வரலாற்று வகுப்பில் எனக்குக் கொடுத்த கருத்தரங்கப் பொருள், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய தென் அமெரிக்கா. இன்காக்களின் தங்கத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அவர்களுக்கும் சில ஆயிரம் ஆண்டுகள் முந்திய மக்களை எடுத்துக்கொண்டேன். பெருவின் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரிய பெரிய கல் மேடைகள் எழுப்பி வாழ்ந்தவர்கள். கடலே தெரியாத அந்த இடத்தைத் தோண்டியபோது நெத்திலி முள் கிடைத்ததாம். கடற்கரைக்காரர்கள் மீன் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வலை பின்னப் பஞ்சு கொடுத்தார்கள். கட்டுரைக்கு 'நெத்திலியில் எழுந்த நகரம்' என்று பெயர் வைத்தேன்.

பேராசிரியர் வகுப்பிலேயே அதைப் புரட்டினார்.

"எழுத்து இல்ல, மண்பானைகூட இல்ல. இதை எப்படிம்மா நகரம்னு சொல்றது? குடியிருப்புன்னு மாத்திடு."

"அவ்ளோ பெரிய மேடை கட்டியிருக்காங்களே சார்."

"மீன் பிடிக்கிறவங்க நகரம் கட்டினாங்கன்னா யார் நம்புவா?"

நான் மீனவக் குப்பத்திலிருந்து வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "நெத்திலிப் பட்டணத்துக்கு ராஜா யாரு, வஞ்சிரமா?" என்றான். வகுப்பே சிரித்தது. மாற்றாவிட்டால் மதிப்பெண்ணில் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் கட்டுரையைத் திருப்பித் தந்தார்.

நான் வீடு திரும்பியபோது எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் அம்மா மணலில் வலை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஊதிக்கீது?"

சொன்னேன்.

"மீன குட்த்து பஞ்சு வாங்கினாங்க. இதுல இன்னா பேஜாரு? அறுப்பு சமயத்துல நான் கருவாட்ட குட்த்து அரிசி வாங்கியாரல?"

உண்மைதான். கும்மிடிப்பூண்டி ரயிலில் கூடையோடு ஏறி, அங்கிருந்து ஊர் ஊராக நடப்பாள். காசு கேட்கமாட்டாள், கருவாட்டுக்கு அரிசி. அந்தச் சோற்றைத் தின்றுதான் எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனேன்.

"பேர மாத்த சொல்றாரும்மா."

"மீனு வாங்க வர்றவனும் நெத்திலிய பாத்துட்டு பொடி மீனுதானேம்பான். எதுக்கு? வெல கொறைக்க. நீ ஏன்டி கொறைக்கிற?"

கருத்தரங்க நாளில் தலைப்பைத் திரையில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டேன். அம்மாவின் அரிசியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். அதையும் படித்தேன். பின் பெஞ்சுக்காரன் தொண்டையைச் செருமினான்.

"நீ கேட்ட ராஜா கெடைக்கல, மாமு. மீன் முள்ளுதான் கெடைச்சிருக்கு. ராஜா இல்லன்னா ஊரு இல்லன்னு ஆயிடுமா?" என்றேன். சிரிப்பு இந்த முறை அவன் பக்கம் திரும்பியது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அப்போ மாத்தல?"

"இல்ல சார். வெளியிலேர்ந்து வந்தவன் ஒத்துக்கிட்டாத்தான் ஊருன்னா, எங்க ஊரும் இல்லாத ஊருதான். கடற்கரைய அளவெடுக்க வர்ற அதிகாரிங்கல்லாம் வெறும் மணல்னுதான் சொல்றாங்க. அங்கேர்ந்துதான் தினமும் வர்றேன்."

அவர் சொன்னதைச் செய்தார். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் எனக்குத்தான்.

"பாஸா?" என்றாள் அம்மா.

"பாஸு. ஓரத்துல."

"பேர மாத்துனியா?"

"மாத்தல."

"அப்பறம் இன்னா? கூடையத் தூக்கு, ரயிலுக்கு நேரமாவுது."

தூக்கிக்கொண்டேன்.