வாட்டிய இலை, வாட்டாத இலை

அந்த யோசனை எனக்கு வந்தது பஸ்ஸில்தான். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பஸ், கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த பிறகு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போனது. எனக்குப் பக்கத்தில் அம்மா. முன் சீட்டில் கரடியூர் அத்தை, முழுதாகப் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை எங்களுக்குச் சொந்தம் இல்லை. கரடியூரில் தன் நிலத்தில் சாமையும் கொஞ்சம் காப்பியும் போடுகிறவர். அம்மா கொட்டச்சேட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவள். ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் காய் வாங்கப் போய் ஏற்பட்ட பழக்கம் எனக்கு ஓர் அத்தையைக் கொடுத்திருந்தது. அன்றைக்கு எனக்கு விடாத இருமல். இருவருக்கும் அதுதான் பேச்சு.

“ஆடாதோடை இலையத் தோசைக்கல்லுல நல்லா வாட்டிப்போட்டு, பொறவுதான் கொதிக்க வெக்கோணும்,” என்றாள் அம்மா.

“ஏனுங்கக்கா, வாட்டுனா அதுல மருந்து என்ன மிஞ்சும்? எல்லாம் கல்லுக்குத்தான் போவும். பச்சையா நசுக்கிச் சாறு எடுங்க. எங்க ஊட்ல அப்படித்தான்.”

“உங்க ஊட்ல ஒருத்தருக்கும் இருமல் நின்னு நான் பாத்ததில்லீங்களே.”

“நிக்காட்டிப் போவுது. உங்க ஊட்டுத் தோசைக்கல்லுக்கு இருமலே வராதுங்க, அத்தனை மருந்து குடிச்சிருக்குது.”

பின் சீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், நடுவில் இருமினேன். அந்த நேரம் டிரைவர் கியர் மாற்றினார். அதுவரை கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த என் ஜன்னல் கண்ணாடி சட்டென்று அடங்கியது. தலைக்கு மேலே பை வைக்கிற கம்பி அதிர ஆரம்பித்தது. அடுத்த வளைவில் மறுபடி கியர் இறங்கியதும் கம்பி அமைதியானது, கண்ணாடி பேச ஆரம்பித்தது. பஸ்ஸில் எந்தப் பாகமும் எல்லா நேரமும் ஆடுவதில்லை. என்ஜினின் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு பாகம் எழுந்து ஆடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாலே எந்தப் பாகம் இருக்கிறது, எது கழன்று விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

அப்போதுதான் தோன்றியது. இந்த இரண்டு பேரும் சண்டை போடுவது எதற்கு? இலையில் இருக்கிற மூலக்கூறையே கேட்டுவிட்டால் என்ன?

மூலக்கூறும் அந்த பஸ் மாதிரிதான். அணுக்களுக்கு நடுவில் இருக்கிற பிணைப்புகள் விறைத்த குச்சிகள் அல்ல, நீண்டு சுருங்கி ஆடிக்கொண்டே இருப்பவை. அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சி, அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொரு பிணைப்பும் தன் முறை வரும்போது ஒளியை வாங்கிக்கொண்டு ஆடும். கணினித் திரையில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளத்தைப் பார்த்துவிட்டு வேதியியல்காரர்கள் நாங்கள் பீக், அதாவது சிகரம், என்றுதான் சொல்வோம், எங்கள் துறை வழக்கம் அப்படி. ஆடாதோடையின் முக்கியமான மருந்துப் பொருள் வாசிசின். அது காற்றுப் பட்டும் சூடு பட்டும் ஓர் ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு வாசிசினோன் என்ற இன்னொரு பொருளாக மாறக்கூடியது. மாறினால் கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த புதுப் பாகம் ஒன்று வரும். அது ஆடும் இடம் தனி, சத்தமும் பெரிது, தவறவே விட முடியாது. அம்மாவின் தோசைக்கல் அந்த மாற்றத்தைச் செய்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. பஸ் ஒண்டிக்கடையில் நிற்பதற்குள் ஆய்வின் பாதியை மனதுக்குள் எழுதி முடித்திருந்தேன். இறங்கும்போது குடையை மறந்துவிட்டேன். அத்தைதான் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

சேலத்தில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. என் நெறியாளரிடம் எனக்காக ஒரு தலைப்பு தயாராகவே இருந்தது. உலோகச் சேர்மங்களின் வெப்பச் சிதைவு, அதாவது எந்தச் சூட்டில் எது எப்படி உடைகிறது என்பது. நல்ல தலைப்பு, பழகிய பாதை. நான் போய் ஆடாதோடை, தோசைக்கல் என்று மூச்சுவிடாமல் பேசினேன். மேடம் முழுவதும் கேட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், அதை நான் மறக்கமாட்டேன்.

“செய்,” என்றார். “ஆனா அடுத்த ஆய்வுக் குழு கூட்டத்துக்குள்ள தெளிவா ஒரு முடிவு காட்டணும். காட்டலைன்னா பழைய தலைப்புக்கு வந்துடு. அப்போ முகத்தைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“மாட்டேன் மேடம்.”

“நீ வெச்சுக்குவ. பரவாயில்ல, போ.”

அம்மாவுக்கும் அத்தைக்கும் இது வெறும் ஆராய்ச்சியாகப் படவில்லை, பந்தயமாகவே பட்டது. ஒரே வேலியோரப் புதரில் இலை பறித்தோம். அத்தை தன் பங்கைப் பச்சையாக அம்மியில் நசுக்கி, நிழலில் உலர்த்தித் தந்தார். அம்மா தன் பங்கைத் தோசைக்கல்லில் ஓரம் பழுப்பேற வாட்டினாள். வாட்டிய இலை மொறுமொறுவென்று இருந்ததால் அதைப் பொடியாகவே அரைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். இலையாகக் கொடுத்தால் நான் மறுபடி அரைக்கவேண்டுமே என்ற கரிசனம். அப்போது அது எனக்கு நன்றாகவே பட்டது. நேரம் மிச்சம்.

ஆய்வகத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினேன். அமிலம் கலந்த நீரில் ஊறவைத்து, வடித்து, காரம் சேர்த்து, குளோரோஃபாமில் பிரித்து எடுத்தேன். கரைப்பான் ஆவியானதும் அடியில் கொஞ்சம் பசை மாதிரி மிஞ்சியது. அதை அகச்சிவப்புக் கருவிக்குக் கொடுத்தேன். அத்தையின் பச்சை இலையில் வாசிசினின் பீக்குகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. அம்மாவின் வாட்டிய இலையில், நான் தேடிய அந்தக் கார்பன் ஆக்ஸிஜன் பகுதியில், ஒன்றுக்கு இரண்டாகப் பீக்குகள் இறங்கின. அருகருகே, ஆழமாக.

ஒன்று வாசிசினோன் என்றால் இன்னொன்று? யாரும் பார்க்காத புதுப் பொருளா? சாதாரணத் தோசைக்கல்லில் பிறந்ததா? அன்றைக்கு மதியம் சாப்பிடாமல் மேடத்தின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

மேடம் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “நீ எதிர்பார்த்த இடத்துல எதுவும் சரியா உக்காரல. ஒண்ணு கொஞ்சம் மேல, இன்னொண்ணு கொஞ்சம் கீழ. புதுசா ஒருத்தர் வீட்டுக்குள்ள நின்னா, முதல்ல எங்கிருந்து வந்தீங்கன்னு கேக்கணும். மாலை போடறது அப்புறம்.”

கூட்டத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதியவரை விசாரிக்க எனக்கிருந்த வழி, சூடேற்றிப் பார்ப்பது. பசையில் ஒரு துளியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, சூட்டைச் சீராக ஏற்றிக்கொண்டே எடையைக் கவனிக்கிற கருவி ஒன்று எங்கள் துறையில் உண்டு. எந்தச் சூட்டில் எடை குறைகிறதோ அங்கே எதுவோ உடைந்து போகிறது என்று அர்த்தம். அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்கிற சார், வேறு ஒருவருக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு துண்டை வெட்டி எனக்குக் கொடுத்தார். கூட்டம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. முகத்தில் எழுதியிருந்திருக்கும்.

பச்சை இலையின் கோடு நீண்ட தூரம் சமமாகப் போய், பிறகு சரிந்தது. வாட்டியதில் அதற்கு வெகு முன்பே ஒரு படி இறங்கியது. மூலக்கூறு உடைகிறதென்றால் கோடு பொதுவாக இழுத்து இழுத்துச் சரியும். இது அப்படி இல்லை. யாரோ எழுந்து கதவைத் திறந்துகொண்டு அமைதியாக வெளியே போன மாதிரி இருந்தது. உடையாமலே போயிருந்தால்? திடப்பொருளாக இருந்து அப்படியே ஆவியாகிப் போயிருந்தால்? பதங்கமாதல் என்று பள்ளியில் கற்பூரத்தை வைத்துப் படித்தோமே, அது.

சந்தேகம் வந்ததும் உட்காரமுடியவில்லை. வாட்டிய இலையின் மீதிப் பசையை ஒரு சின்னப் பீக்கரில் போட்டு, மேலே ஐஸ் வைத்த கண்ணாடித் தட்டால் மூடி, மெல்லச் சூடாக்கினேன். கருவி சாரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் தட்டின் அடிப்பக்கம் பனி படர்ந்தது போல வெளுத்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை ஊசிகள். மெல்லிய, பளபளக்கிற, அழகான ஊசிகள்.

அவற்றை எனக்குத் தெரியும். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் தேயிலைத் தூளிலிருந்து நானே எடுத்த ஊசிகள். இருந்தாலும் அகச்சிவப்புக் கருவியில் வைத்துப் பார்த்தேன். அதே இரண்டு பீக்குகள், அருகருகே, ஆழமாக. கணினி தன் சேமிப்பில் தேடி ஒரே ஒரு பெயரைச் சொன்னது. காஃபீன்.

கருவி சார் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம்மா, கொஞ்சம் பாலும் கொண்டாந்திருந்தா காப்பியே போட்டுக் குடிச்சிருக்கலாமே, இத்தனை கரண்டு செலவு எதுக்கு?”

மாடிப்படிக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, அந்த இலைய எதுல அரைச்ச?”

“கைமிஷின்லதான் கண்ணு. ஏன், நைசா இல்லியா?”

“காப்பி அரைக்கிற மிஷின்லயா?”

“நம்மூட்ல வேற என்ன மிஷின் இருக்குது? அதுக்கு மொதநாளு அதுல மொளகு அரைச்சிருந்தேன். மொளகுக் காரம் உன்ற மருந்துல ஏறிடக் கூடாதுல்ல. அதுக்குன்னு ஒரு பிடி காப்பிக்கொட்டையப் போட்டு நல்லா ஓட்டி, மிஷினச் சுத்தம் பண்ணிட்டுத்தான் இலையவே போட்டேன். நாங்களும் சுத்தம் பாப்போம் சாமி.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் கொஞ்சம். எங்கள் பக்கத்து வீடுகளில் அரைக்கிற மிஷினை அப்படித்தான் சுத்தம் செய்வோம். மிளகோ மல்லியோ அரைத்துவிட்டு, ஒரு பிடி கொட்டையை ஓட்டினால் பழைய வாசம் போய்விடும். அதன்பிறகு உள்ளே இருப்பது காப்பி. காப்பி எங்களுக்கு ஒரு கலப்படமே அல்ல, தண்ணீர் மாதிரி, காற்று மாதிரி. டப்பாவைத் திறந்தபோது காப்பி மணந்திருக்கும்தான். என் பையும் துப்பட்டாவும் எப்போதும் அப்படித்தானே மணக்கின்றன, எனக்கு எப்படித் தெரியும்? அத்தையின் இலை ஈரமாக இருந்தபோதே அம்மியில் நசுங்கிவிட்டதால் மிஷினுக்கே போகவில்லை. அதனால்தான் காஃபீன் வாட்டிய இலையில் மட்டும் வந்து, சூட்டில் பிறந்த பிள்ளை போல நடித்திருக்கிறது.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி விஷயத்தைச் சொன்னேன்.

“உன்னையக் கூட்டத்துல வைவாங்களா?”

“வையமாட்டாங்கம்மா. தலைப்ப மாத்தச் சொல்லுவாங்க.”

“நான் வேணா வந்து சொல்லட்டுமா, அந்தப் புள்ள மேல தப்பில்லீங்கன்னு?”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எல்லாக் காப்பியையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. கூட்டத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்ததும் அப்போதுதான்.

கூட்டத்தில் பச்சை இலை, வாட்டிய இலை, இரண்டு பீக்குகள், சீக்கிரம் இறங்கிய படி, வெள்ளை ஊசிகள் என்று வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசிப் படமாக எங்கள் வீட்டுக் கைமிஷினைப் போட்டேன். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. குழுவில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், “அப்படியானால் இலையைச் சூடு மாற்றியதா இல்லையா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காஃபீன் ஆடுகிற இடமும் வாசிசினோன் ஆடுகிற இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பெரிய சத்தத்தில் சின்னச் சத்தம் கேட்கவில்லை என்றேன். தலைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.

மேடம் தொண்டையைச் செருமினார். “மிஷின் இடுக்குல ஒட்டிக்கிட்டிருந்த காப்பியக்கூட இவளோட ஆய்வு முறை கண்டுபிடிச்சிருக்கு. எங்கிருந்து வந்ததுங்கிறதையும் இவளே கண்டுபிடிச்சிருக்கா. இலைக்குள்ள நடக்கிறது இதோட கண்ணுக்குத் தப்பாதுன்னுதான் எனக்குத் தோணுது.”

அடுத்த கூட்டம் வரை அவகாசம் கொடுத்தார்கள். தலைப்பு என்னிடமே இருக்கிறது. வெளியே வந்ததும் மேடத்திடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “முதல்ல மருந்து அரைக்க ஒரு நல்ல கல்வம் எடுத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டவருக்கும், நேரம் வெட்டிக் கொடுத்தவருக்கும், மிஷினைச் சுத்தம் செய்தவளுக்கும். காப்பி கலக்காமல் இருந்திருந்தால் கண்ணில் பட்ட முதல் பீக்குக்கே மாலை போட்டிருப்பேன். விசாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கமாட்டேன்.

கரடியூர் அத்தைக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. “கல்லுக்குப் போனது பாதி, மிஷினுக்குப் போனது மீதி, பொறவு புள்ளைக்கு என்னங்கக்கா இருக்கும்?” என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா சூடாகப் பதில் சொல்லியிருக்கிறாள். என்ன பதில் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை.

வருகிற சனிக்கிழமை மலையேறுகிறேன். அம்மாவின் வாட்டலுக்குச் சூடு எவ்வளவு என்று இதுவரை யாரும் அளந்ததில்லை, அம்மாவுக்கும் அது கண்ணளவுதான். பையில் வெப்பத்தை அளக்கிற மெல்லிய கம்பி இருக்கிறது, கருவி சார் கொடுத்தது. அதன் நுனியைத் தோசைக்கல்லில் ஒட்டவைக்கப் போகிறேன். அம்மா இலையைப் புரட்டி, ஓரம் பழுப்பேறியதும் “போதும்” என்று சொல்கிற நொடியில் கல் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே டிகிரியில் ஆய்வகத்தில் சுத்தமான வாசிசினை வைத்து, அகச்சிவப்புக் கருவிக்குள்ளேயே சூடாக்கி, அந்தப் புதுப் பாகம் ஆட ஆரம்பிக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். அத்தையும் வருகிறார், சாட்சிக்கு. இரண்டு பங்கு இலையும் இந்த முறை ஒரே கல்வத்தில், என் கையால்.

அம்மா நேற்று போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அளக்கற அன்னிக்குக் காத்தால நாங்க காப்பி குடிக்கலாமா கண்ணு, கூடாதா?”

குடிக்கலாம் என்றேன். டம்ளரை மட்டும் அடுப்படிக்குக் கொண்டு வரக் கூடாது.