கறிச்சட்டிக்குள் போன விடை

அன்று அந்த நான்கு மாணவிகளும் ஏன் எழுந்து போகவில்லை? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன வருடம் மாரி முடிந்த கையோடு, கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் உயர்தர உயிரியல் வகுப்பு தொடங்கினேன். மகள் பிறந்தபின் நான் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. பிடிக்காவிட்டால் வவுனியாவுக்குப் போய்ப் படிப்போம் என்று மாணவிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முதல் வகுப்பே எனக்குப் பரீட்சை.

பாடம், ஒரு கூட்டத்தில் எந்தப் பரம்பரை அலகு, அதாவது எந்த ஜீன், எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவது. முற்றத்தில் மேய்ந்த எங்கள் கோழிகளையே காட்டினேன். கழுத்தில் இறகே இல்லாதவை மூன்று. இறகு மூடிய கழுத்துள்ளவை ஐந்து. இறகு அலகும் மொட்டை அலகும் ஒவ்வொன்று பெற்று, முன்கழுத்தில் மட்டும் ஒரு கொத்து இறகோடு நடுவில் நிற்பவை பன்னிரண்டு.

பழைய பழக்கத்தில், இருபதில் ஐந்துக்கு வர்க்கமூலம் எடுத்து, இறகு அலகின் மீடிறன், அதாவது கூட்டத்தில் அதன் பங்கு, 0.5 என்று பலகையில் எழுதினேன்.

“ரீச்சர், எனக்கு 0.55 வருது,” என்றாள் ஒருத்தி. “ஐஞ்சு கோழிக்கும் ரெண்டு ரெண்டாப் பத்து, நடுவில நிக்கிறதுக்குப் பன்னிரண்டு. இருபத்திரண்டை நாப்பதால பிரிச்சனான்.”

நானும் கூட்டிப் பார்த்தேன். அவள் செய்ததுதான் சரி. நடுவகை கண்ணுக்குத் தெரியும்போது எண்ணினாலே போதும், வர்க்கமூலம் எதற்கு? பலகையை அழிக்கப் போனேன். அவள் விடவில்லை.

“அப்பிடிப் பாத்தா, மிச்ச 0.45ஐ வர்க்கிச்சு இருபதால பெருக்கிற சூத்திரப்படி மொட்டைக் கழுத்து நாலு வரவேணும் ரீச்சர். ஒண்டைக் காணேல்லையே?”

முற்றத்துக் கோழிகளை மறுபடி எண்ணினேன். குசினிக்குள் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த மாமியார் தலையை நீட்டினார்.

“அது போன ஞாயிறு கறியாப் போச்சு பிள்ளையள்! மொட்டைக் கழுத்தெண்டா இறகு பிடுங்கிற வேலை பாதி. அதுதான் எப்பவும் முதல்ல சட்டிக்குள்ள போறது.”

மாமரமே அதிரச் சிரித்தோம். ஒரு வகை மட்டும் சட்டிக்குள் போகிற கூட்டத்துக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது என்பதை, அதன்பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒருத்தியும் வவுனியாவுக்குப் போகவில்லை. நான்தான் இன்னும் பிழைவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு கணக்கையும் முதல்நாளே மூன்று தரம் செய்து பார்க்கிறேன். படிப்பிக்கும் தாய்மார் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து எழுதுங்கள்: இந்தப் பயம் போய்விட்டால், கவனமும் கூடவே போய்விடுமா?