பாறையில் கை வைக்க உத்தரவு

டாக்டரானால் பதிவேட்டில் பெயர் ஏறும். வக்கீலுக்குக் கறுப்புக் கோட்டு. நிலவியல் படித்தவனுக்கு அப்படி உரிமம் என்று ஒன்று கிடையாது. பி.எஸ்ஸி., அதன்மேல் எம்.எஸ்ஸி., அதன்மேல் டெல்லியில் நேர்முகம். எல்லாம் தாண்டினால் சர்க்கார் ஒரு சுத்தியலைக் கொடுத்து வெயிலில் நிறுத்தும். அந்த வெயிலுக்குத்தான் அவ்வளவு ஆசைப்பட்டேன்.

எம்.எஸ்ஸி. தேற, ஒரு துண்டு நிலத்தை நடந்து நடந்து பாறைப் படம் வரைய வேண்டும். போட்ட கோட்டுக்குக் கல்லைச் சாட்சியாகக் காட்ட வேண்டும். அதுவும் மண்ணோடு வேரோடிய பாறையில் உடைத்த கல். உருண்டு கிடப்பது செல்லாது. அது எந்த ஊர்க் கல்லோ.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு வாய்த்தது சாணார்பட்டிப் பக்கம். மூன்று வாரம் நடந்தேன். ஒருபக்கம் கருநீலப் பாறை, ஒருபக்கம் வெள்ளைப் பாறை. இரண்டும் ஒட்டுகிற இடம்தான் என் ஆய்வேட்டின் உயிர். அது அகப்படாவிட்டால் ஒரு வருஷம் வீண். கடைசி வாரம் அகப்பட்டது. ஒரு தக்காளித் தோட்டத்து மூலையில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துண்டு கட்டி.

சாமி.

சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தோட்டக்கார அக்கா பார்த்துவிட்டார்.

"எதுக்கு ஒளிக்கிற? சாமிக்கு அந்தப் பக்கமும் கண்ணு இருக்கு."

"சின்னத் துண்டுதான்க்கா. காது அம்புட்டு."

"ஒங் காதுல அம்புட்டு எடுத்தா விட்ருவியா?"

அவர் புருஷன் இளகிய மனுஷர். "படிக்கிற பிள்ளை. பூக் கட்டிப் பாத்துருவோம்" என்றார். ஒரு இலைப் பொட்டலத்தில் மல்லிகை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. எந்தப் பரீட்சை மண்டபத்திலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

அரளி.

"இன்னொரு தரம் பாக்கலாமாண்ணே?"

"பெயிலானா மறுபடி எழுத, சாமிகிட்டச் செப்டம்பர் பரீட்சையெல்லாம் கெடையாது தம்பி," என்றார் அக்கா. "எங் கொழுந்தன்தான் வருஷா வருஷம் எழுதுறான்."

எனக்கு ரோஷம் வந்தது. பத்தடி தள்ளி அவர்கள் கிணறு. கரையில் உடைத்துக் குவித்திருந்ததும் அதே கருநீலம், அதே வெள்ளை. "கெணத்துக்கு வெடி வச்சீங்களே, அதுவும் இந்தச் சாமியோட ஒடம்புதான். அப்ப பூக் கேட்டீங்களா?"

"கேக்காம? வெள்ளைதான் வந்துச்சு. எங்களுக்குத் தண்ணி எதுக்குனு சாமிக்குத் தெரியும். ஒனக்குக் கல்லு எதுக்குனு அதுக்கே வெளங்கல."

நான் நின்ற நிலை அக்காவுக்கும் பாவமாக இருந்திருக்கும். "அப்புடினா கெணத்துக்குள்ள எறங்கி ஒடச்சுக்க. அந்த ஒடம்புக்குத்தான் அப்பவே உத்தரவு வாங்கியாச்சே."

இறங்கினேன். படிக்கற்கள் முடிகிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று நிமிர்ந்தால், பக்கச் சுவரில் அந்தக் கோடு. இருட்டும் பாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், எத்தனை கோடி வருஷமாகவோ. நாலு அடி அடித்தேன். கையில் இரண்டு நிறமும் சேர்ந்து வந்தது.

மேலே அக்காவின் தலை. "கெடச்சிருச்சா? எறங்குனது எறங்குன, மாசி மாசம் விழுந்த பித்தளைக் கொடம் அடியில கெடக்கு. அதையும் எடுத்துட்டு வந்துரு."

நடுக் கிணற்று ஆழத்தில் மூன்று முறை முங்கினேன். நான் ஏறியதும் அவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார், ஒடுக்கு இருக்கிறதா என்று தடவினார். என் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பரவால்ல, படிப்பு வீண் போகல."

சென்னையில் பரீட்சகர் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிற்கிற பாறையில் உடைத்ததுதானே?"

"ஆமாம் சார். கிணற்றுச் சுவரில்."

ஓரத்தில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "நீச்சல் தெரியுமா?"

பாடத்திட்டத்தில் அது இல்லை. தெரியும் என்றேன். அதற்கும் சேர்த்துத்தான் மார்க் போட்டார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.