தெரிவிக்கப்பட்டது

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பன்னிரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள், பள்ளியை மூடிவிட்டார்கள் என்பதால் முப்பத்தைந்து வயதில் புரோகிராமிங் படித்துவிட்டு வந்து சேர்ந்தாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து அ, ஆவிலிருந்து கற்றுக்கொள்ள அவள் கூச்சப்படவே இல்லை. எழுதியதை ஒரு தடவை உதடு அசைய வாசித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவாள்.

"என்ன டீச்சர், மார்க் போட்டாச்சா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கேலி வரும்.

"உனக்குப் போட்டுட்டேன். நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா," என்பாள்.

செருப்புக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பதினான்கு பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி அது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதித் தந்தார்கள். ஆபத்தான முடிவுகளைக் கவனிக்கும் பகுதி அவள் பொறுப்பு. அதில் ஒவ்வொரு முடிவும் ஒரு ஆப்ஜெக்ட். தன் எண்களையும் தான் செய்ய வேண்டிய வேலைகளையும் அதுவே வைத்திருக்கும். இயந்திரத்திலிருந்து எண்ணை வாங்க வேண்டும், எல்லை மீறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நோயாளியின் பதிவில் சேர்க்க வேண்டும், டாக்டரின் கைபேசிக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் பரிசோதனைக் கூடத்துத் திரையில் பச்சை எழுத்தில் ‘தெரிவிக்கப்பட்டது’ என்று வர வேண்டும்.

இதில் எந்த வேலை எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் அதற்காகக் கைகட்டி நிற்பதும் இல்லை. முடிந்ததும் சொல்கிறேன் என்று ஒரு வாக்கை வாங்கி வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கப் போய்விடும். அந்த வாக்குகளை ஒன்றோடொன்று கோத்து, இது முடிந்தால்தான் அது என்று வரிசைப்படுத்தியிருந்தாள் அவள். நடுவில் ஏதாவது தவறினால் மொத்த வரிசையும் நின்று, திரை சிவப்பாகிவிடும்; கூடத்தில் இருப்பவர் டாக்டருக்கு நேரே போன் செய்வார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மருத்துவமனையிலேர்ந்து போன் டீச்சர். நேத்து ஒரு பேஷன்ட் இறந்துட்டார். லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். ஐம்பத்தோரு வயசு. ரத்தத்துல பொட்டாசியம், இதயமே நின்னுடுற அளவுக்கு எக்கச்சக்கமா இருந்திருக்கு. டாக்டருக்குத் தகவலே வரலையாம். ஆனா நம்ம திரை, பதினொன்னு நாப்பத்திரண்டுக்குத் தெரிவிச்சாச்சுன்னு காட்டுது."

"அப்புறம் யாரும் போன் பண்ணலையா?"

"லேப் டெக்னீஷியன் பண்ணியிருக்கணும். பச்சையைப் பார்த்துட்டு விட்டுட்டேன்னு சொல்றான். அவனைத்தான் சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க."

அந்த லிஃப்ட்காரர் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டேகால் மணிக்கு ஏதோ ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடிப் படியில் சரிந்து விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால், தகவல் போகாவிட்டால் மூன்று தடவை திரும்ப முயலும்படி ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். அந்த வேலையைத் தொடங்கிவைத்த வரியில், அதன் வாக்கை வரிசையிடம் திருப்பித் தரும் ‘ரிட்டர்ன்’ என்ற ஒற்றைச் சொல் இல்லை. அடுத்த கண்ணிக்குக் காத்திருக்க எதுவுமே இல்லாமல் போய்விட்டது. தகவல் போனதா இல்லையா என்று பார்க்காமலே பச்சையைப் போட்டுவிட்டது. மற்ற நாட்களில் தகவல் இரண்டே நொடியில் போய்விடும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. நேற்று மட்டும் தகவல் அனுப்பும் சேவை பத்து நிமிடம் முடங்கிக் கிடந்திருக்கிறது. மூன்று முயற்சியும் தோற்றன. தோற்ற செய்தி வரிசைக்கு வெளியே எங்கோ விழுந்து கிடந்தது.

மாற்றம் செய்தவர் யார் என்று பார்த்தாள். அவள்தான். அன்றைக்கும் உதடு அசைய வாசித்திருக்கிறாள். இல்லாத சொல்லை இருப்பதாகவே வாசித்துவிட்டிருந்தாள்.

அந்தச் சொல்லைச் சேர்த்தாள். வேண்டுமென்றே தகவலைத் தடுத்து ஓட்டிப் பார்த்தாள். திரை சிவந்தது. எழுந்து மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "சரி பண்ணியாச்சில்ல? தகவல் சேவை முடங்கினது உண்மைதானே. அதை மட்டும் சொல்லுவோம். பதினாலு குடும்பம் இருக்கு டீச்சர்."

"பதினஞ்சு சார். அந்த டெக்னீஷியனையும் சேர்த்துக்குங்க."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தார்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போயிடும்."

"சொல்லலைன்னா?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"உனக்குத் தெரியுமே," என்றார். சட்டையை அடுக்கின் மேல் வைத்தார். "நம்ம பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ எழுது."

மருத்துவமனைக்கு இரண்டு பக்கம் எழுதினாள். எந்த வரி, என்றைக்கு, எப்படி என்று பூசிமெழுகாமல் எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். பத்து நாள் விசாரணைக்குப் பிறகு டெக்னீஷியனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனை கம்பெனியோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அவள் வேலை போனது. அடுத்த மாதமே இன்னும் நான்கு பேருக்கும் போனது. அந்த நான்கு பேரில், மார்க் கேட்டுக் கேலி செய்தவனும் ஒருவன். வழியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

இறந்தவரின் மனைவியைப் போய்ப் பார்க்க வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போனாள். முன்னறையிலேயே தையல் மெஷின். ஊசியில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. சுவரோரம் அவருடைய கருவிப்பெட்டி, திறக்காமல். அந்த அம்மாள் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் புரியாதும்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டாக்டர் அப்பவே கூப்பிட்டிருந்தா இவர் பொழைச்சிருப்பாரா?"

"பொழைச்சிருக்கலாம். ரெண்டரை மணி நேரம் இருந்திருக்கு."

"வந்தவங்க எல்லாரும் விதின்னாங்க. அவ்வளவுதான் ஆயுசுன்னாங்க. நானும் அப்படித்தான் மனசைத் தேத்தி வச்சிருந்தேன்." அந்த அம்மாள் சீருடையின் நூலை இழுத்து அறுத்தாள். "நீங்க சொன்னதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். சொல்லணும்தான். ஆனா இனிமே வராதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அந்த ரெண்டரை மணி நேரம்தான் ஞாபகம் வரும்."

குரலில் கோபம் இல்லை. டீச்சர் தலையசைத்துவிட்டு எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஏழு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் இடத்தில், மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே தவறு நடந்தால் ஒரு லாரி தாமதமாகும், அவ்வளவுதான். எழுதும் வேலை தருவதாக இரண்டு தடவை சொன்னார்கள். வேண்டாம் என்றாள். பள்ளியில் டீச்சராக இருந்த கதையை அங்கே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு மாலை, பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அவளைப் பார்த்து நின்றான். அந்த டெக்னீஷியன். விசாரணையில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார்கள்.

"நன்றி சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேங்க," என்றான். "வரத்தான் முடியலை."

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. நல்லா இருக்கீங்களா?"

"வேலை இருக்குங்க." சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அன்னிக்கு அந்த நம்பரைப் பார்த்தப்ப எனக்குத் திக்னு இருந்துச்சு. போனைக் கையில எடுத்தேன். அப்பத்தான் பச்சை வந்துச்சு. வச்சுட்டேன்."

அவன் தோளைத் தொடலாமா என்று நினைத்தாள்; தொடவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவனுடைய பஸ் வந்து, நின்று, போனது. அவன் ஏறவில்லை.