அறக்குளா என்ன தின்னும்

சண்டைக் காலத்தில் தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் டவுனுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்றேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமைகளில் சனம் இறைச்சி தொடாது, என் பெட்டி விடியவே காலியாகிவிடும். அந்த வருடம் பார்த்து, இந்தியாவுக்கு அகதிகளை ஏற்றிப்போன படகொன்று கவிழ்ந்தது. அதோடு டவுனில் மீன் விற்பது பெரும்பாடாகிவிட்டது. மீனெல்லாம் பிணம் தின்றிருக்கும் என்று கதை. சின்ன மீனையாவது மன்னித்தார்கள், அறக்குளாவுக்கு மன்னிப்பே இல்லை. வாய் பெரிதாம், பல்லும் கூராம். ஐஸ் கிடைக்காத நாட்கள் அவை. மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் மீனும் நாறும், எங்கள் பிழைப்பும் நாறும்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கோயிலில் பாடும் அக்கா ஒருவர் என் வாடிக்கை. அவர் வீட்டுப் படலையில் நின்று விளக்கம் சொன்னேன். அறக்குளா ஓடுகிற சின்னச் சூடை மீன் கூட்டத்தைத் துரத்தி, பாதியாய் வெட்டி விழுங்குகிற மீன், செத்ததை முகர்ந்தும் பார்க்காது என்றேன்.

அக்கா அமைதியாகக் கேட்டார். "அப்ப தூண்டிலிலை என்ன குத்துறனியள், தம்பி?"

செத்த சூடைதான். விடுவேனா? படகு இழுக்கிற இழுவையில் அது நீந்துவதாக அறக்குளா நம்பிவிடும் என்றேன்.

"அப்ப அதுக்குச் செத்தது எது, உயிரோடை இருக்கிறது எது எண்டு தெரியாது."

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கத்தியை எடுத்து அந்த இடத்திலேயே மீனின் வயிற்றைக் கிழித்துக் காட்டினேன். இரண்டு சூடை வந்தன, ஒன்று அரைவாசி. பார்த்தீர்களா என்று நிமிர்வதற்குள், பின்னால் வெள்ளையாய், விரல் நீளத்தில் இன்னொன்று வழுக்கிக்கொண்டு வந்தது. கணவாயின் கால். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணவாய், கணவாய் என்று நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மற்றப் படலைகளும் சாத்திக்கொண்டன.

மீனோடு வீட்டுக்கு வந்தேன். மனுசி குழம்பு வைத்தாள். விசர்ச் சனம், இதுகளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று திட்டியபடியே சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன். ஒரு துண்டைப் பிட்டேன். அந்தப் படகில் போனவர்களில் என்னிடம் மீன் வாங்கின சனமும் இருந்தது. கை வாய்க்குப் போகவில்லை.

"ஏன், சாப்பிடேல்லையோ?" என்றாள் மனுசி.

பசியில்லை என்றேன். அப்போதுதான் அவள் கோப்பையைப் பார்த்தேன். வெறுஞ்சோறு. அவள் இரண்டு பேருக்கும் சம்பல் அரைக்க எழும்பினாள்.